காற்று மிகும்போது பாயைச் சுருக்குக!

கடலுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி வாசகர்கள் கேட்கக் கூடும். கண்ணுக்கெட்டிய தூரம்வரை பருத்திக் காடும் சோளக் கொல்லையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமுமாக விரியும் மண் அது. ஆயினும் அந்த மண்ணைக் கேட்டுப் பாருங்கள். அது கடலின் கதையைத்தான் சொல்லும்.

சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இப்பகுதியின் பெரும்பகுதி கடலுக்குள் இருந்தது. காரை, குன்னம் சுற்றுவட்டாரத்தில் மழை அரித்த ஓடைகளில் இன்றும் கடல் நத்தைகளின் கல்லுருவங்கள் கிடைக்கின்றன. சாத்தனூரில் பதினெட்டு மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள கல்மரம் படுத்துக் கிடக்கிறது. அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் பெருகியதற்குக் காரணமான சுண்ணாம்புக்கல்லும் அந்தப் பழங்கடல் விட்டுச் சென்ற சொத்தே ஆகும்.

அது இயற்கையின் வரலாறு. மனிதரின் வரலாற்றைப் பார்த்தாலும் இதே கதைதான். கி.பி. 1025ஆம் ஆண்டில் கடாரத்தின்மீது கப்பற்படையைச் செலுத்திய இராசேந்திர சோழன் அமர்ந்து ஆண்ட கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில்தான் உள்ளது. லெப்பைக்குடிக்காட்டின் ஓரமாக ஓடும் வெள்ளாறு எங்கே போய்ச் சேருகிறது? நம் சமுதாயத்தின் பழந் துறைமுகங்களுள் ஒன்றாகிய பரங்கிப்பேட்டையில், அதாவது மஹ்மூது பந்தரில், கடலோடு கலக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளோ அரபுக் கடலைத் தாண்டி வளைகுடாவில் உழைத்துக்கொண்டிருக்கின்றனர். ஆகவே, கடலைப் பற்றிய ஒரு பாடத்தை நாமும் அறிந்துகொள்வது பொருத்தமே அன்றோ!

அந்தப் பாடம் இதுதான்: பலத்த காற்றில் சிறு பாய்ப்படகின் பாயை எப்போது, எவ்வாறு சுருக்குவது?

மாலுமியும் சுக்கானும்

மரக்கலம் செலுத்தியவர்கள் என்பதனால் மரக்காயர் என்ற பெயர் வந்தது என்று பொருள் கூறுவர். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம், பரங்கிப்பேட்டை ஆகிய ஊர்களின் பழஞ்செல்வம் பாய்மரத்தின்மீது ஏறி வந்த செல்வமாகும். உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியும் பதினேழாம் நூற்றாண்டில் மரக்கலங்கள் வைத்து வாணிபம் நடத்திய பெருந்தகையே.

அந்த வாணிபம் தமிழுக்குச் சொற்களையும் தந்தது. நாம் எளிதாகச் சொல்லும் ‘சுக்கான்’ அரபுச் சொல். ‘மாலுமி’ என்பது ‘முஅல்லிம்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. முஅல்லிம் என்றால் கற்பிப்பவர், ஆசிரியர் என்று பொருள். பதினைந்தாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற கடலோடி இப்னு மாஜித் போன்றோரை அரபுலகம் அப்பெயரால்தான் அழைத்தது. கப்பலை ஓட்டுபவனைக் கூலியாள் என்று கருதாமல் ஆசிரியர் என்று மதித்த பண்பாடு அது. அவன் கையில் இருந்தவை உயிர்கள் அல்லவா?

காற்றின் கணக்கு

பாயைச் சுருக்குவது ஏன் என்பதை அறிய, முதலில் காற்றின் கணக்கை அறிய வேண்டும். ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பார்கள். மிகைப்படுத்திய பேச்சுத்தான், ஆனால் அதனுள் ஓர் உண்மை இருக்கிறது.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அது பாயின்மீது செலுத்தும் விசை இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. வேகம் மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்காகிறது. 10 நாட் வேகத்தில் வீசும் காற்றில் இன்பமாகச் சென்ற படகு, 20 நாட் காற்றில் நான்கு பாய்களை ஒருங்கே விரித்ததைப் போன்ற சுமையைத் தாங்க வேண்டியதாகிறது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

இரண்டாவது கணக்கு உயரத்தைப் பற்றியது. வைக்கோல் ஏற்றிய வண்டியை நினைத்துப் பாருங்கள். அதே எடையை நெல் மூட்டைகளாகத் தாழ்வாக அடுக்கினால் வண்டி அசையாது. வைக்கோலாக மலைபோல் உயர்த்தினால் ஒரு பள்ளத்திலேயே சாய்ந்துவிடும். பாயும் அப்படித்தான். காற்று பாயின் உச்சியைத் தள்ளும்போது படகைக் கவிழ்க்கும் வலிமை மிகுதி. அடியைத் தள்ளும்போது குறைவு. பாயைச் சுருக்கும்போது பரப்புக் குறைவதோடு பாயின் உயரமும் தாழ்கிறது. ஒரே செயலில் இரு நன்மை.

மூன்றாவது கணக்குத்தான் பலரை ஏமாற்றுவது. காற்று வீசும் திசையிலேயே படகு செல்லும்போது காற்று மெல்லியதாகவே தோன்றும். 15 நாட் காற்றில் படகு 5 நாட் வேகத்தில் ஓடினால், படகில் இருப்பவர் உணர்வது 10 நாட் காற்றை மட்டுமே. வெயிலும் இதமாக இருக்கும். பேச்சும் சிரிப்புமாகப் பொழுது போகும். ஆனால் திரும்பி வரவேண்டுமே! காற்றை எதிர்த்துத் திரும்பிய அக்கணமே அவர் முகத்தில் அறைவது ஏறத்தாழ 18 நாட் காற்று. விசையோ மும்மடங்கிற்கும் அதிகம். ‘சற்று முன்புவரை அமைதியாக இருந்ததே!’ என்று அவர் திகைப்பார். காற்று மாறவில்லை, அவர் செல்லும் திசைதான் மாறியது. ஆகவே போகும்போதே திரும்பி வரும் வழியை எண்ணிப் பாயை அளவிட வேண்டும்.

பாயால் காற்றை அளந்தவர்கள்

இன்று வானொலியில் வானிலை அறிக்கை கேட்கிறோம். காற்றின் வலிமையைச் சுழியம் முதல் பன்னிரண்டு வரையிலான படிகளில் குறிக்கும் முறை ஒன்று உண்டு. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் 1805ஆம் ஆண்டு வகுத்த முறை அது. அவர் காற்றை எப்படி அளந்தார் தெரியுமா? மணிக்கு இத்தனை மைல் என்று அவர் எழுதவில்லை. ஒரு போர்க்கப்பல் எத்தனை பாய்களை விரித்துச் செல்ல முடியும், எந்தக் காற்றில் ஒரு மடிப்புச் சுருக்க வேண்டும், எப்போது இரண்டு, எப்போது மூன்று என்றே படிகளை வகுத்தார். பன்னிரண்டாம் படி என்பது எந்தப் பாயும் தாங்க இயலாத காற்று. காற்றை அளக்கும் கருவியே பாய்ச் சுருக்கமாகத்தான் இருந்தது!

இலங்கையில் ‘ஓருவ’ எனப்படும் பக்கமிதவை கொண்ட படகுகளைச் செலுத்திய சிங்கள மீனவர்களிடமும் இதற்கு நிகரான முறை இருந்தது. படகு சாயாதிருக்க எத்தனை பேர் மிதவைக் கழியில் ஏறி நிற்க வேண்டுமோ, அதைக் கொண்டு ‘ஒரு ஆள் காற்று’, ‘இரண்டு ஆள் காற்று’, ‘மூன்று ஆள் காற்று’ என்று அவர்கள் பெயரிட்டனர். பாக் நீரிணைக் கரையில் இயங்கிய பாய்ப்படகுகளில் குறுக்கே ஒரு நீண்ட பலகையைப் போட்டு, காற்று வரும் பக்கத்து முனையில் ஆட்கள் அமர்ந்து படகை நிமிர்த்தியதை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் பதிவு செய்துள்ளார்.

சங்க காலத்திலும் இந்த அறிவு இருந்தது. புறநானூற்றின் முப்பதாம் பாடலில், மேற்பாயைக் களையாமலும் சரக்கின் பாரத்தைக் குறைக்காமலும் ஒரு பெருங்கலம் புகார்த் துறைக்குள் புகும் காட்சியைப் புலவர் சிறப்பித்துச் சொல்கிறார். களையாமல் புகுவது சிறப்பு என்றால், களைந்துவிட்டுப் புகுவதுதான் வழக்கம் என்பது பெறப்படுகிறதன்றோ? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் மாலுமிகள் பாயைக் குறைக்க அறிந்திருந்தனர்.

அரபு மரக்கலங்களின் முறை சற்று வேறு. அவற்றின் முக்கோணப் பாய் மிக நீண்ட பருமலில் கட்டப்படுவது. அதை மடித்துச் சுருக்குவது கடினம். ஆகவே பெரிய பாய், சிறிய பாய் எனத் தனித்தனியே வைத்திருந்து, காற்று மிகும்போது பருமலை இறக்கிச் சிறிய பாயை மாற்றிக் கட்டினர்.

சுருக்கும் முன்னர்

இனி, சிறு படகில் செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

காற்று சற்றே மிகுந்தவுடன் பாயைச் சுருக்கிவிட வேண்டியதில்லை. முதலில் செய்யத்தக்கவை மூன்று. ஒன்று, படகில் உள்ளோர் காற்று வரும் பக்கம் நகர்ந்து உடலைச் சாய்த்து அமர்வது. இரண்டு, பாயின் கயிறுகளை நன்கு இழுத்துக் கட்டி, தொப்பையில்லாமல் பாயைத் தட்டையாக்குவது. தட்டையான பாய் காற்றை எளிதாக வழுக்கிச் செல்ல விடும். மூன்று, காற்றின் வீச்சு வரும் கணத்தில், பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைச் சற்றே தளர்த்திக் காற்றைக் கொட்டிவிடுவது. அக்கயிற்றைப் பிடிகயிறு என்று இங்கே சொல்வோம். பலத்த காற்றில் சிறு படகின் பிடிகயிற்றை ஒருபோதும் முடிச்சுப் போட்டுக் கட்டிவைக்கக் கூடாது. அது கையிலேயே இருக்க வேண்டும்.

இம்மூன்றும் செய்த பிறகும் படகு சாய்ந்துகொண்டே இருக்கிறதா? சுக்கான் கையை இழுக்கிறதா? படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்ப முயல்கிறதா? பிடிகயிற்றை எப்போதும் தளர்த்தியே வைத்திருக்க நேர்கிறதா? கடற்பரப்பெங்கும் வெண்ணுரை பூத்துவிட்டதா? இவற்றுள் ஒன்று கண்டாலும் பாயைச் சுருக்கும் நேரம் வந்துவிட்டது. ‘சுருக்கலாமா?’ என்ற எண்ணம் மனத்தில் முதன்முதலாக எழும் கணமே சுருக்க வேண்டிய கணம் என்பது கடலோடிகளின் பொதுவிதி. கரையிலிருந்து புறப்படும்போதே ஐயம் இருந்தால், சுருக்கிய பாயோடு புறப்படுவதே அறிவு. கடலில் விரிப்பது எளிது, சுருக்குவதுதான் கடினம்.

சுருக்கும் முறை

சுருக்குவதற்கென்று பாயின் அடிப்பகுதியில், அடிக்கழிக்குச் சற்று மேலே, ஒரு வரிசைத் துளைகளும் இரு ஓரங்களிலும் வலுவான வளையங்களும் இருக்கும். செய்முறை வருமாறு:

1. படகைக் காற்றுக்கு முகமாகத் திருப்பிப் பிடிகயிற்றைத் தளர்த்துக. பாய் படபடவென்று அடிக்கும், அஞ்ச வேண்டா. பாயில் காற்றின் பிடி இல்லை என்பதன் அடையாளமே அது. அடிக்கழி தலையில் படாதவாறு குனிந்திருக்க வேண்டும்.

2. அடிக்கழியைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் கயிற்றைத் தளர்த்துக.

3. பாயை ஏற்றும் கயிற்றைச் சிறிது சிறிதாக விட்டுப் பாயை இறக்குக. பாய்மரத்தை ஒட்டிய வளையம் அடிக்கழி மட்டத்துக்கு வந்ததும் அதைக் கொக்கியில் மாட்டுக.

4. ஏற்றும் கயிற்றை மீண்டும் இறுக இழுத்துக் கட்டுக. முன்னோரம் தளர்ந்திருந்தால் பாய் தொப்பை விழும். சுருக்கியதன் பயன் பாதியாகிவிடும்.

5. பின்னோர வளையத்தின் வழியே செல்லும் கயிற்றைக் கீழ்நோக்கியும் பின்நோக்கியும் இழுத்து அடிக்கழியோடு இறுகக் கட்டுக. பாரம் முழுவதையும் தாங்குபவை முன்னும் பின்னும் உள்ள இவ்விரு கட்டுகளே.

6. தொங்கும் பாய்த்துணியைச் சுருட்டி, நடுவிலுள்ள சிறு கயிறுகளால் மெல்லக் கட்டுக. இவற்றை இறுக்கினால் துளைகளின் ஓரத்தில் பாய் கிழியும். ஓர் இழுப்பில் அவிழும் முடிச்சே இங்கு ஏற்றது.

7. பிடிகயிற்றை இழுத்துப் புறப்படுக.

அடிக்கழியில்லாத, ஒற்றைப் பாய்மரத்தில் உறைபோல் மாட்டப்படும் பாய்களில் வேறு வழி உண்டு. பாய்மரத்தையே ஓரிரு சுற்றுச் சுற்றினால் பாய் அதில் சுருண்டு பரப்புக் குறையும். சிறுவர் பயிலும் ‘ஆப்டிமிஸ்ட்’ படகில் பாயின் மேல்மூலையைத் தாங்கும் சாய்கழியைக் கழற்றிவிட்டால் மேற்பகுதி மடிந்து விழுந்துவிடும். முன்பாயும் உள்ள படகாயின், பெரும்பாயைச் சுருக்கிய பின் படகின் சமநிலையைக் கவனித்து முன்பாயையும் இறக்கலாம்.

இவை எல்லாவற்றையும் கரையில், காற்றில்லாத நாளில், கண்ணை மூடிக்கொண்டும் செய்யும் அளவுக்குப் பழக வேண்டும். சுருக்கியும் படகு அடங்கவில்லையெனில் பாயை முழுவதும் இறக்கித் துடுப்பெடுக்க வேண்டும். அல்லது நங்கூரமிட வேண்டும். படகு கவிழ்ந்துவிட்டால் கரை அருகில் தெரிகிறதே என்று நீந்திப் புறப்படுதல் தவறு. கவிழ்ந்த படகையே பற்றிக்கொண்டிருக்க வேண்டும். தேடுவோரின் கண்ணுக்குப் படகு தெரியும்; தனித் தலை தெரியாது. உயிர்காப்பு அங்கி உடம்பில் இருக்க வேண்டும் என்பதை இவை அனைத்துக்கும் முன்னரே சொல்லியிருக்க வேண்டும்.

ஒரே படகு, மூன்று பாய்கள்

பாயை ஆளுக்கும் காற்றுக்கும் ஏற்ப அளவிடும் இந்த அறிவு இன்று ஒலிம்பிக் களத்திலும் விளங்குகிறது. முன்பு ‘லேசர்’ என்றும் இப்போது ‘இல்கா’ என்றும் அழைக்கப்படும் ஒற்றையாள் படகின் நீளம் சுமார் 4.2 மீட்டர். அதே உடலுக்கு மூன்று அளவுப் பாய்கள் உள்ளன. பெரியது சுமார் 7 சதுர மீட்டர், நடுத்தரமானது 5.7; சிறியது 4.7. பெரிய பாய்க்கும் சிறிய பாய்க்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இவ்வளவு குறைத்தால் எவ்வளவு அதிகக் காற்றைத் தாங்கலாம் என்று நினைக்கிறீர்கள்? மேலே சொன்ன கணக்கின்படி 12 நாட் காற்று 15 ஆகக் கூடுவதற்கே இந்தக் குறைப்புச் சரியாகிவிடும். காற்று கால் பங்கு ஏறினால் பாய் மூன்றில் ஒரு பங்கு இறங்க வேண்டும்! கடலோடிகள் முன்கூட்டியே சுருக்கச் சொல்வதன் காரணம் இப்போது விளங்கும்.

சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓமன் நாட்டு முஸன்னாவில் நடந்த போட்டியின் வழியாக, ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற சிறப்பை எய்தினார். அவர் செலுத்துவது நடுத்தரப் பாய். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் பெரிய பாயைச் செலுத்துபவர். 2023ஆம் ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார். அதே விளையாட்டில் பாய்ப்பலகைப் போட்டியில் ஈபாத் அலி வெண்கலம் பெற்றார். சிறிய பாயில் வெள்ளி வென்றவர் நேஹா தாக்கூர். மத்தியப் பிரதேசத்துத் தேவாஸ் மாவட்டத்தின் விவசாயக் குடும்பத்தில் பிறந்த பெண் அவர். பயின்றதோ கடலில் அன்று, போபால் ஏரியில்! கடலில்லாத ஊரிலிருந்து கடல் விளையாட்டில் வெல்ல முடியும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

நம் வீடுகளுக்கு ஒரு சொல்

வளைகுடாவில் பணிபுரியும் நம் இளைஞர்களுள் சிலர் விடுமுறை நாட்களில் நண்பர்களோடு படகேறிப் பொழுது போக்குகின்றனர். தவறில்லை. ஆனால் ஆற்றிலும் ஏரியிலும் நீந்தப் பழகிய துணிவு கடற்காற்றுக்கு ஈடாகாது. தொலைபேசியில் பேசும் தாய்மார்கள், ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்பதோடு, ‘படகில் ஏறும்போது உயிர்காப்பு அங்கி அணிகிறாயா? காற்று மிகுந்தால் திரும்பிவிடுகிறாயா?’ என்றும் ஒரு சொல் கேட்பது நல்லது. பலரோடு இருக்கும்போது ‘பாயைச் சுருக்குவோம்’ என்று முதலில் சொல்பவனைக் கோழை என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. அந்த நகைப்புக்கு அஞ்சி வாய்மூடியிருப்பதே உண்மையான கோழைத்தனம். பெரிய பாயோடு புறப்பட்டவனை யாரும் நினைவில் வைப்பதில்லை. எல்லாரையும் கரை சேர்த்தவனையே வீடு வாழ்த்தும்.

மற்றொரு கடமையும் நமக்கு உண்டு. இயந்திரப் படகுகள் பெருகிய பின்னர் நம் கடற்கரை ஊர்களில் பாய் விரிக்கவும் சுருக்கவும் அறிந்தவர்கள் அருகிவிட்டனர். எஞ்சியிருப்போர் முதியவர்கள். எந்தக் காற்றுக்கு எவ்வளவு பாய், எந்த மேகத்தைக் கண்டால் பருமலை இறக்குவது, இரவில் காற்று மாறுவதை எப்படி அறிவது என்னும் செய்திகள் அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன. பரங்கிப்பேட்டையிலோ நாகூரிலோ அதிராம்பட்டினத்திலோ உங்களுக்கு உறவினர் இருப்பின், அடுத்த முறை செல்லும்போது அத்தகைய பெரியவர் ஒருவரிடம் அரைமணி நேரம் அமருங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் எழுதுகோலும் போதும். அவர் சொல்லும் சொற்களை அவர் சொன்னபடியே எழுதி வையுங்கள். முஅல்லிம்கள் என்று உலகம் மதித்த ஒரு தலைமுறையின் கடைசிப் பாடம் அவ்வாறேனும் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும்.